பாட்டின் சொந்தக்காரிகள்

ராக் அண்ட் ரோல் சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1954-ஆம் வருஷத்தில் தொடங்குகிறார்கள். அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் பில் ஹேலி, விடிய விடிய ஆடுவதைப் பற்றிய தமது பிரசித்தமான பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தார். ஜூலை மாதத்தில் மெம்பிஸ் நகரத்தில், ஸன் என்ற சின்னஞ்சிறு கம்பெனியில், எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது லாரி டிரைவர் தம்முடைய முதல் இசைத்தட்டுக்காகப் பாடினார். பிறகு சக் பெரி வந்தார், லிட்டில் ரிச்சர்டு வந்தார், ஜெர்ரி லீ லூயிஸ் வந்தார் என்று கதை வளர்ந்துகொண்டே போகிறது. எல்லாரும் ஆண்பிள்ளைகள். இந்தச் சரித்திரத்தில் பெண்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறார்கள், மேடைக்குக் கீழே நின்று கூச்சல் போட்டு மூர்ச்சையாகி விழுகிறவர்களாக இருக்கிறார்கள்.

நான் சங்கீத வித்வான் அல்ல. மேனாட்டுச் சங்கீதத்தின் இலக்கணத்தை முறையாகப் படித்தவனும் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஓய்ந்த நேரத்தில் பாட்டுக் கேட்கிறவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதையைக் கேட்டாலும், 'இது நிஜமாகவே இந்த இடத்தில்தான் ஆரம்பித்ததா?' என்று கேட்காமல் இருக்கமாட்டான். அப்படிக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தால், 1954-லிருந்து பதினாறு வருஷம் தள்ளி, 1938 அக்டோபர் 31-ஆம் தேதியில் வந்து நிற்கிறோம். அன்றைக்கு டெக்கா கம்பெனியாருக்காக இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, வேறு பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தன் கிதாரை மாத்திரம் வைத்துக்கொண்டு, நான்கு பாட்டுகள் பாடினாள். பெயர் ரொஸெட்டா தார்ப். ஜனங்கள் சிஸ்டர் ரொஸெட்டா என்று அழைத்தார்கள். சிஸ்டர் என்றதும் கன்னிகாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய சபையில் பெண்களை அப்படி அழைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

ரொஸெட்டா 1915-ஆம் வருஷம் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் பிறந்தவர். ஊரின் பெயரே காட்டன் பிளான்ட், அதாவது பருத்திச் செடி. அதைவிட அந்தப் பிரதேசத்தின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல எந்த நாவலாசிரியனாலும் முடியாது. தாயார் கேட்டி பெல் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். அவர்கள் சேர்ந்திருந்த பெந்தெகொஸ்தே சபையில் ஒரு விசேஷம்: கடவுளைத் துதிக்கும்போது கை தட்டலாம், கால் தட்டலாம், மேளம் கொட்டலாம், ஆடலாம். நாலைந்து வயதுக் குழந்தையாக இருக்கும்போதே ரொஸெட்டா கிதாரைத் தூக்கிக்கொண்டு தாயாருக்குப் பக்கத்தில் நின்று பாட ஆரம்பித்துவிட்டார். அந்தக் குழந்தையின் கைக்குத் தாளம் எந்த சங்கீதப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கவில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில் வெறி பிடித்துக் கை தட்டிய ஜனங்களிடமிருந்து கிடைத்தது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராக் அண்ட் ரோல் சங்கீதத்தின் அந்த அடி, இரண்டாவது எண்ணிக்கையிலும் நாலாவது எண்ணிக்கையிலும் விழுகிற அந்த அடி, சாராயக் கடையிலிருந்து வந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கோயிலிலிருந்தும் வந்தது.

1938-ல் பதிவான அந்த நாலு பாட்டுகளில் ஒன்று 'ராக் மீ'. தாமஸ் டார்ஸி என்பவர் எழுதிய தெய்வப் பாடல். பக்தன் ஆண்டவனைப் பார்த்து, என்னை உன் மார்பில் மறைத்துக்கொள், என்னை ஆட்டு என்று கேட்கிறான். ஆட்டு என்றால் தாய் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல. இதே பாட்டை அடக்க ஒடுக்கமாக ஒரு பாடகர் குழு பாடினால் நமக்குக் கண்ணில் நீர் வரலாம். வேறு எந்த விபரீதமும் நேராது. ரொஸெட்டா பாடும்போது விபரீதம் நேருகிறது. 'ஆட்டு' என்ற அந்த ஒரு சொல்லில் குரலைச் சற்றே உறும வைத்து நிறுத்துகிறார். தொட்டில் மறைந்துவிடுகிறது. ஒரு வாலிபப் பெண் நிற்கிறாள். ஆனால் அடுத்த அடியிலேயே மறுபடியும் பக்தை வந்துவிடுகிறாள். இவள் யாரைக் கூப்பிடுகிறாள், கடவுளையா, மனுஷனையா என்று கேட்பவன் திகைக்கிறான். இந்தத் திகைப்புத்தான் பின்னால் வந்த ராக் அண்ட் ரோல் பாட்டுகளின் உயிர் என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்தவர்களில் பலருக்குக் கடவுள் பாதி இல்லாமற் போய்விட்டது, அதனால் பாட்டும் பாதியாகிவிட்டது.

அதே வருஷம் அவர் நியூயார்க்கில் காட்டன் கிளப் என்ற ஆடம்பர விடுதியில் பாடினார். டிசம்பர் 23-ஆம் தேதி, ஜான் ஹாமண்டு என்பவர் கார்னகி ஹாலில் ஏற்பாடு செய்த பெரிய கச்சேரியிலும் பாடினார். சபைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆண்டவன் பெயரை, மது குடிக்கிற இடத்தில், இடுப்பை ஆட்டுகிற பெண்களுக்கு மத்தியில் பாடுவதா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விடுதிக்காரர்களுக்கோ இது ஒரு வேடிக்கை. ரொஸெட்டா இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லாமல் இரண்டு இடத்திலும் பாடிக்கொண்டிருந்தார். பதில் அவருடைய கிதாரில் இருந்தது.

அந்தக் கிதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பாடுகிற பெண் கிதார் வைத்துக்கொண்டால், பாட்டுக்குச் சுருதி சேர்த்து, தாளத்துக்குத் தட்டிக்கொண்டு போவதற்கு மட்டும்தான். ரொஸெட்டா அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு அடி பாடி நிறுத்துவார். கிதார் ஒற்றைத் தந்தியில் அதற்குப் பதில் சொல்லும். சில சமயம் ஒப்புக்கொள்ளும், சில சமயம் கேலி செய்யும், சில சமயம் வாய் பேச வெட்கப்பட்டதைப் போட்டு உடைத்துவிடும். பிற்காலத்தில் மின்சாரக் கிதாரை எடுத்துக்கொண்டபோது இந்தச் சம்பாஷணை இன்னும் உரக்க நடந்தது. இதைக் கேட்டவர்கள் அவருக்குக் கொடுத்த பெரிய பாராட்டு என்ன தெரியுமா? 'ஆண்பிள்ளை மாதிரி வாசிக்கிறாள்' என்பது! எந்த ஆண்பிள்ளை மாதிரி என்று யாராவது கேட்டிருந்தால் பெயர் சொல்லத் திண்டாடியிருப்பார்கள். மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1944-ல் ஸாமி பிரைஸ் என்பவரின் பியானோவுடன் அவர் பதிவு செய்த 'ஸ்டிரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்ற பாட்டை அநேகர் முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு என்கிறார்கள். முதல் எது என்ற இந்த ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. முதல் மாம்பழம் எது என்று தோப்பில் தேடுவது மாதிரி. ஆனால் ஒரு விஷயம் ருசுவாகியிருக்கிறது. 1945-ல், கறுப்பர்களின் இசைத்தட்டுகளுக்கென்று பில்போர்டு பத்திரிகை தனியாக வைத்திருந்த பட்டியலில் இந்தத் தட்டு இரண்டாவது இடத்துக்கு வந்தது. தெய்வப் பாடல் ஒன்று அந்தப் பட்டியலில் அவ்வளவு தூரம் ஏறியது அதுதான் முதல் தடவை. கேட்டுப் பாருங்கள். பியானோவின் இடது கை உருட்டிக்கொண்டு போகிறது. கிதார் முன்னால் பாய்கிறது. நாள்தோறும் அதிசயங்கள் நடக்கின்றன என்று குரல் சொல்கிறது. உபதேசமா, நையாண்டியா என்று கண்டுபிடிக்க முடியாது. சபையில் இருந்துகொண்டே சபையிலுள்ள பொய்யர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1947-ல் ஜார்ஜியா மாகாணத்தில் மேக்கன் நகரத்துக்குக் கச்சேரி செய்யப் போனபோது, மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையன் பாடுவதைக் கேட்டு, அவனை மேடையில் ஏற்றிப் பாட வைத்துப் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்டு. சரித்திரக்காரர்கள் பட்டியலிடும் ஆண்பிள்ளைகளில் ஒருவர்!

1951 ஜூலை 3-ஆம் தேதி ரொஸெட்டா செய்த காரியம் இன்னும் வேடிக்கையானது. வாஷிங்டன் நகரத்தில் கிரிஃபித் ஸ்டேடியம் என்ற பந்தாட்ட மைதானத்தில், டிக்கெட் விற்று, கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது கல்யாணம். இருபதாயிரம் பேருக்கு மேல் காசு கொடுத்து வந்தார்கள் என்கிறார்கள். கல்யாணம் முடிந்ததும் மணப்பெண் கல்யாண உடையிலேயே மைதானத்தின் நடுவில் நின்று கிதார் வாசித்தார். டெக்கா கம்பெனி அதையும் தட்டில் ஏற்றி விற்றது. நாகரிகமில்லாத காரியம் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ராக் அண்ட் ரோல் கச்சேரி என்றால் ஸ்டேடியம் என்று உலகம் பழகிக்கொள்வதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் நடந்தது இது.

இவ்வளவும் செய்தவர் எப்படிச் சரித்திரத்திலிருந்து நழுவினார்? சதி என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். நான் சதி என்று நினைக்கவில்லை. அலமாரி என்று நினைக்கிறேன். கடைக்காரர்கள் அவருடைய தட்டுகளைத் தெய்வப் பாடல் அலமாரியில் வைத்தார்கள். பிற்காலத்தில் சரித்திரம் எழுத வந்தவர்கள் வேறு அலமாரியில் தேடினார்கள். அந்த அலமாரிகளிலும் கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி. 1949-ல்தான் பில்போர்டு பத்திரிகை 'இன இசைத்தட்டுகள்' என்ற பெயரை மாற்றி 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று வைத்தது. பெயர் மாறியது, சுவர் மாறவில்லை.

சுவருக்கு அங்கங்கே ஓட்டை உண்டு. ரொஸெட்டாவுடன் சேர்ந்து சுற்றுப்பயணம் செய்த ஜோர்டனேர்ஸ் என்ற கோஷ்டியில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். நால்வராகச் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். ஒரே மேடையில் பாடலாம். பல ஊர்களில் ஒரே ஓட்டலில் சாப்பிட முடியாது. அதே ஜோர்டனேர்ஸ் கோஷ்டி, ஆட்களில் சிலர் மாறிய பிறகு, 1956 ஜூலை 2-ஆம் தேதி இன்னொருவருக்குப் பின்பாட்டுப் பாடியது. அந்த இன்னொருவர் எல்விஸ் பிரெஸ்லி. பாட்டு 'ஹவுண்ட் டாக்'.

இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது என் தொழிலைச் சேர்ந்த விவகாரம்.

'ஹவுண்ட் டாக்' எல்விஸ் பிரெஸ்லிக்காகப் பிறந்த பாட்டு அல்ல. 1952 ஆகஸ்டு 13-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் வில்லி மே தார்ன்டன் என்ற பெண் அதை முதலில் பாடினார். பிக் மாமா என்று பட்டப் பெயர். ஆகிருதியும் குரலும் அந்தப் பெயருக்குப் பொருத்தம். 1926-ல் அலபாமா மாகாணத்தில் பிறந்து, பதினாலு வயதில் ஒரு நாடோடிக் கலைக் கூட்டத்தோடு கிளம்பி, டிரம்மும் மவுத் ஆர்கனும் தானாகக் கற்றுக்கொண்டவர். பாட்டை எழுதியவர்கள் லீபர், ஸ்டாலர் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. 1953-ல் வெளியான தட்டு, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதில் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது. ஒரு ஸ்திரீ தன் வீட்டு வாசற்படியில் நிற்கிறாள். வெளியே ஒருவன் நிற்கிறான். இத்தனை நாள் அவள் உழைப்பில் தின்று, அவள் வீட்டில் தூங்கி, ஊர் மேய்ந்துவிட்டு வருகிறவன். வாலை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் கதவைத் திறக்கப் போவதில்லை. நாய் என்பது வசவு, அவ்வளவுதான். அந்த வசவை வில்லி மே சொல்லும்போது கோபம் மட்டும் இருந்தால் பாட்டு அரை நிமிஷத்தில் அலுத்திருக்கும். கோபத்துக்கு அடியில் சிரிப்பு இருக்கிறது. அதற்கும் அடியில், இவனையா ஒரு காலத்தில் நம்பினோம் என்ற வெட்கம் இருக்கிறது. நடுவில் பீட் லூயிஸ் கிதார் வாசிக்கும்போது அவர் சும்மா இருப்பதில்லை. பேசுகிறார், அதட்டுகிறார், கிதாரையே அந்த மனுஷனாக வைத்து விரட்டுகிறார். இந்தப் பேச்சும் உறுமலும் யாருடையவை என்பதில் தகராறு உண்டு. தாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று எழுதியவர்கள் சொன்னார்கள். எல்லாம் என் சொந்தச் சரக்கு என்று வில்லி மே சொன்னார். எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க முடியாத சில விஷயங்கள் அந்தச் சிரிப்பில் இருக்கின்றன என்று மட்டும் சொல்வேன்.

இனி 1956-க்கு வருவோம். எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாடியது வில்லி மேயின் தட்டை வைத்துக்கொண்டு அல்ல. லாஸ் வேகாஸில் ஃபிரெடி பெல் என்பவரின் கோஷ்டி தமாஷாகப் பாடிவந்த வேறு பாடத்தை வைத்துக்கொண்டு. அந்தப் பாடத்தில் வாசற்படியும் இல்லை, ஸ்திரீயும் இல்லை. முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாய் ஒன்று வந்துவிட்டது. ஜூலை 1-ஆம் தேதி டெலிவிஷன்காரர்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். எல்விஸுக்குக் கோட்டும் வாலுமாக விருந்து உடை மாட்டி, மேடையில் ஒரு நாயையும் கொண்டுவந்து உட்கார வைத்து, அதைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். மறுநாள்தான் ஒலிப்பதிவு. அதிலே எல்விஸின் ஆத்திரம் கேட்கிறது. டிரம் துப்பாக்கி மாதிரி வெடிக்கிறது. அது ஒரு நல்ல இசைத்தட்டு என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அது ஒரு சத்தத்தின் வெற்றி. கதை போய்விட்டது. கதாநாயகியை வெளியேற்றிவிட்டு நாயை வீட்டுக்குள் விட்டுவிட்டார்கள்.

என் கதை ஒன்றை ஒரு நாடகக் கோஷ்டியார் எடுத்து நடித்தார்கள். அதில் புருஷனைப் படியேற விடாத ஒருத்தி வருகிறாள். நாடகத்தில் அவள் கடைசி வரை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜனங்களும் அழுதார்கள். எனக்கு ரோஜாப்பூ மாலை போட்டார்கள். ஆகவே இந்த விவகாரத்தில் என் அபிப்பிராயம் முற்றிலும் பாரபட்சமற்றது என்று வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதை என் பெயரில் இருக்கிறது. வில்லி மேக்கு அது கிடையாது. அமெரிக்காவின் 1909-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு என்றால் எழுதிய சொல்லும் மெட்டும்தான். ஒரு தடவை தட்டில் வந்துவிட்டால், ஒரு பிரதிக்கு 2 சென்ட் வீதம் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் பாடித் தட்டுப் போடலாம். பாடியவருக்கு இதில் தம்பிடி உரிமை இல்லை. அவர் கண்டுபிடித்த உறுமல், நிறுத்தம், சிரிப்பு எல்லாம் பொதுச் சொத்து, ஆற்று மணல் மாதிரி. ஒலிப்பதிவு என்ற ஒன்றுக்கே மத்திய சட்டத்தில் காப்பு வந்தது 1972 பிப்ரவரி 15-ஆம் தேதிக்குப் பிறகுதான். அதிலும்கூட, அந்தத் தட்டையே நகல் எடுத்தால்தான் குற்றம், அதே மாதிரி பாடினால் குற்றமில்லை. ஆரம்ப கால ராக் அண்ட் ரோலில் பெண்கள் அநேகமாகப் பாடுகிறவர்களாக இருந்தார்கள். எழுதுகிறவர்களாகவும் பிரசுரிக்கிறவர்களாகவும் கம்பெனி நடத்துகிறவர்களாகவும் அநேகமாக ஆண்கள் இருந்தார்கள். ஆகவே சட்டம் யாரையும் பெயர் சொல்லி விலக்காமலேயே விலக்கிவிட்டது. லட்சக்கணக்கில் விற்ற 'ஹவுண்ட் டாக்' தட்டுக்காகத் தமக்கு ஒரே ஒரு தடவை 500 டாலருக்குச் செக் வந்தது என்று வில்லி மே பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

இந்தச் சட்டத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவர் லாவெர்ன் பேக்கர். சிகாகோக்காரர். குறும்பும் கம்பீரமும் சேர்ந்த குரல். 1954-ல் அவர் பாடிய 'ட்வீடில் டீ' விற்பனையில் ஏற ஆரம்பித்ததும், மெர்குரி கம்பெனி ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகியை வைத்து அதே பாட்டை, அதே வாத்திய அமைப்போடு, அடிக்கு அடி அதே மாதிரிப் பாட வைத்தது. வெள்ளையர் ரேடியோக்களில் கிப்ஸின் தட்டுத்தான் சுழன்றது. கிப்ஸ் கெட்ட பாடகி அல்ல, கெட்ட மனுஷியும் அல்ல, கொடுத்ததைப் பாடினார். எட்டா ஜேம்ஸ் என்ற சின்னப் பெண்ணின் பாட்டு ஒன்றும் 1955-ல் இப்படியே கிப்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு சொல் ஆபாசமாகப் பட்டதால் அதை மாற்றிச் சுத்தம் செய்துவிட்டார்கள். லாவெர்ன் பேக்கர் அழவில்லை. சார்லஸ் டிக்ஸ் என்ற காங்கிரஸ் அங்கத்தினருக்கு எழுதி, பாட்டின் அமைப்புக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். சட்டம் மாறவில்லை. அப்புறம் அவர் விமானம் ஏறும்போது தம் உயிருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து, அதை ஜார்ஜியா கிப்ஸின் பெயருக்கு எழுதிவைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. நான் செத்துவிட்டால் உனக்குத்தானே அம்மா பிழைப்புப் போய்விடும், என்பது தாத்பரியம். பெட்டிஷன் போட்டவரின் குரலும் இந்த ஹாஸ்யமும் 'ட்வீடில் டீ'யில் சேர்ந்தே கேட்கின்றன. எவ்வளவு நுணுக்கமாக நகல் எடுத்தும் கிப்ஸின் தட்டில் கிடைக்காமல் போனது இது ஒன்றுதான்.

ருத் பிரவுன் கதை வேறு மாதிரி. அது வழக்கில் போய் முடிந்த கதை, அதிசயமாக வெற்றியும் கண்ட கதை. அட்லாண்டிக் கம்பெனி 1949-லிருந்து அவருடைய தட்டுகளை விற்றே நிமிர்ந்தது. 'ருத் கட்டின வீடு' என்றே அதற்குப் பெயர். 1950-ல் வந்த அவருடைய ஒரு பாட்டு பதினொரு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1960-களில் அதே ருத் பிரவுன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், பிறர் வீட்டில் வேலை செய்தார். ராயல்டி என்ன ஆயிற்று என்று கேட்டால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவர்தான் கடன்காரர்! ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, வாத்தியக்காரர்களின் கூலி எல்லாவற்றையும் பாடகியின் பற்றில் எழுதி, அவருடைய பங்கிலிருந்து கழித்துக்கொண்டே வருவது வழக்கம். நாலணா வட்டிக்காரனிடம் நெல்லை அடகு வைத்த குடியானவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். வாஷிங்டன் வக்கீல் ஒருவர், பழைய ரசிகர், கூலி வாங்காமல் இந்த வழக்கை எடுத்துக்கொண்டார். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1988-ல் கம்பெனி இறங்கி வந்தது. அவருக்கும் அவரைப் போன்ற பல பழைய கலைஞர்களுக்கும் கடன் தள்ளுபடியாகிப் பாக்கி ராயல்டி கிடைத்தது. வயோதிகக் கலைஞர்களுக்கு உதவுவதற்காக ஒரு ஸ்தாபனம் தொடங்கக் கம்பெனி 15 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த வருஷமே பிராட்வே நாடக மேடையில் பாடி டோனி பரிசும் வாங்கினார். கிழவி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

மெம்பிஸ் மின்னியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1942-ல் சிகாகோவில் மின்சாரக் கிதாரை அவர் முழங்கியதைக் கேட்டுவிட்டு லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற பெரிய கவிஞர் பத்திரிகையில் எழுதியிருக்கிறார் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஓக்லஹாமாவின் வாண்டா ஜாக்ஸன் வெள்ளைக்காரப் பெண். 1955-ல் எல்விஸுடன் சுற்றுப்பயணம் செய்தவர். கறுப்புப் பெண்களுக்கு இருந்த தடை அவருக்கு இல்லை. ஆனால் பெண் என்ற தடை இருந்தது. எரிமலையைப் பற்றி அவர் உறுமிய பாட்டு, ஹிரோஷிமாவைப் பெயர் சொல்லியே பாடியும், அமெரிக்காவில் போகாமல் ஜப்பானில் அமோகமாகப் போயிற்று. மனுஷ சுபாவத்தை யார் கண்டது!

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2007-ல் கேல் வால்ட் என்ற பேராசிரியை ரொஸெட்டாவின் ஜீவிய சரித்திரத்தை எழுதினார். 1973-ல் ஃபிலடெல்ஃபியாவில் காலமான ரொஸெட்டாவின் சமாதிக்கு முப்பத்தைந்து வருஷமாகக் கல் இல்லை. ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கல் வைத்தார்கள். ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபம் என்று கிளீவ்லாண்டு நகரத்தில் ஒன்று இருக்கிறது. 1986-ல் அவர்கள் முதன் முதலாகத் தேர்ந்தெடுத்த கலைஞர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. லாவெர்ன் பேக்கரை 1991-லும் ருத் பிரவுனை 1993-லும் சேர்த்தார்கள். ரொஸெட்டாவை 2018-ல் சேர்த்தார்கள், வில்லி மேயை 2024-ல். இருவரையும் கலைஞர் என்ற வரிசையில் அல்ல. மற்றவர்களைப் பாதித்தவர்கள் என்ற தனி வரிசையில். பத்திரிகைகளும் ரொஸெட்டாவை 'ராக் அண்ட் ரோலின் ஞானத்தாய்' என்று எழுதுகின்றன.

எனக்கு இந்தப் பட்டங்களில் அவ்வளவு திருப்தி இல்லை. தாய், பாட்டி, ஞானத்தாய் என்று உறவு சொன்னால் உடனே பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். இன்னார் அவரிடம் கற்றார், இன்னார் அவரைப் புகழ்ந்தார் என்று ஆண்பிள்ளைகளிடம் சாட்சி வாங்குகிறோம். எல்விஸுக்குப் பிடித்தது என்பதற்காக ரொஸெட்டாவைக் கேட்க வேண்டும் என்றால், எல்விஸைப் பிடிக்காதவன் என்ன செய்வான்? வில்லி மே எழுதிய 'பால் அண்ட் செயின்' என்ற பாட்டை 1967-ல் மாண்டரே விழாவில் ஜானிஸ் ஜாப்ளின் பாடிப் பெரும் புகழ் பெற்றார். எங்கே கற்றேன் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அது ஜாப்ளினின் யோக்கியதை. ஆனால் வில்லி மே பாடியதை, ஜாப்ளின் என்ற ஒருவர் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஜாப்ளின் காயத்தைக் காட்டுகிறார். வில்லி மே காயத்தோடு எத்தனை வருஷம் நடந்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறார். அந்த நடை மெதுவானது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

ரொஸெட்டாவைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. 1964 மே 7-ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்தில், ரயில் நின்றுபோன ஒரு ஸ்டேஷனில் இங்கிலாந்து டெலிவிஷன்காரர்கள் ஒரு கச்சேரியைப் படம் பிடித்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஜனங்கள். இங்கிலாந்து மழை பெய்து தரையெல்லாம் ஈரம். நாற்பத்தொன்பது வயது ரொஸெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். குளிருக்குக் கோட்டு, காலில் குதியுயர்ந்த செருப்பு, தோளில் வெள்ளைக் கிதார். நோவாவின் காலத்து மழையைப் பற்றிய பாட்டை எடுக்கிறார். கிதார் முறை வந்ததும் ஒரு கையை ஆட்டிக்கொண்டு, வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டு, மறுபடியும் ஒரே தந்தியில் பாய்கிறார். எதிர்ப் பிளாட்பாரத்திலிருக்கும் இங்கிலீஷ் வாலிபர்களும் யுவதிகளும் கை தட்டுகிறார்கள். முதலில் தாளம் தப்பி விழுகிறது. அவர் காலைத் தட்டிக் காட்டுகிறார். பாட்டுப் பாதிக்கு வருவதற்குள் சரியான இடத்தில் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.